பெரியப்பா ஃபெஸ்டினேட் பண்ணிய மார்கழி

நம் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. டாக்டர் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறீர்களா? நான் போன மாதம் சிரித்தேன். தில்லைநகரில், நரம்பு டாக்டரிடம். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னை வராந்தாவில் நடந்து காட்டச் சொன்னார். முதல் நாலைந்து அடி ஒழுங்காக வைத்தேன். பிறகு அடிகள் சின்னச் சின்னதாகி, உடம்பு முன்னால் சாய, கால்கள் அதைப் பிடிக்க ஓடின. வராந்தா முடிவில் நர்ஸ் கையைப் பிடித்து நிறுத்தினார்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தேன். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் தலைகீழாக இருக்கும் ஃபைலைப் படித்துப் பழகிய கண்கள் எனக்கு. ஃபெஸ்டினேட்டிங் என்று எழுதியிருந்தார்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏம்மா சிரிக்கிறீங்க?"

"நான் நடக்குறது உங்களுக்குத் திருவிழா மாதிரியா இருக்கு டாக்டர்?"

"திருவிழாவா?"

"ஃபெஸ்டினேட்னா திருவிழா கொண்டாடுறதுதானே?"

இப்போது அவர் சிரித்தார். "இல்லம்மா. அதுக்கு அவசரப்படுறதுன்னு அர்த்தம். நடக்க நடக்க அடி சின்னதாகும், வேகம் தானா கூடும். நீங்க நிக்கணும்னு நினைச்சாலும் கால் நிக்காது. நீங்க வேகமாப் போகலை, வேகம் உங்களை இழுத்துட்டுப் போகுது."

என் சிரிப்பு நின்றுவிட்டது. பதினோரு வயதிலிருந்து அந்தச் சொல்லை நான் தப்பான பொருளோடு வைத்திருக்கிறேன். இத்தனை வருட அலுவலக வாழ்க்கையில் ஒரு ஃபைலிலாவது அது வந்திருந்தால் திருத்திக்கொண்டிருப்பேன். வரவே இல்லை. எங்கள் அலுவலகத்தில் அவசரப்படுவதற்கு ஒரு சொல் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தெரியாமல் வைத்திருந்தது கூடப் பெரிய விஷயம் இல்லை. அந்தச் சொல்லை வைத்து நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதுதான் என்னை உறுத்தியது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான்.

அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு ஒரு பைத்தியம் உண்டு. வாரம் ஒரு அபூர்வமான சொல்லை அகராதியில் தேடிப் பிடித்து, அதை வைத்து மூன்று வாக்கியம் எழுத வேண்டும். வகுப்பில் வேறு யாரும் எடுக்காத சொல்லாக இருந்தால் சிவப்பு மையில் 'வெரி குட்' கிடைக்கும். அந்த 'வெரி குட்'டுக்காக நாங்கள் அடித்துக்கொண்டதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய அகராதி ஒன்று இருந்தது. அட்டை கிடையாது. திறந்தால் மரப்பெட்டியும் கற்பூரமும் கலந்த வாடை வரும். ராமபாணப் பூச்சி குடைந்து பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. ஒரு சனிக்கிழமை 'எஃப்' பக்கங்களைப் புரட்டியபோது ஃபெஸ்டினேட் என்ற சொல் கண்ணில் பட்டது. பக்கத்தில் 'வினைச்சொல்' என்பதற்கான எழுத்து மட்டும் இருந்தது. பொருள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதற்கு அடுத்த சொல் ஃபெஸ்டிவல்.

யோசித்துப் பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் பிறந்த பிள்ளை. வருடத்தில் திருவிழா இல்லாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் சொல்லே ஃபெஸ்டிவலாகத்தான் இருக்கும், ரயில்வே ஸ்டேஷன் தட்டியில் பார்த்தது. டெகரேஷன் செய்தால் டெகரேட், செலிபரேஷன் செய்தால் செலிபரேட், அப்படியானால் ஃபெஸ்டிவல் செய்தால் ஃபெஸ்டினேட். நடுவில் 'வ' எங்கே போனது, 'ன' எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. ஆனால் அந்த வாரம்தான் தமிழ் ஐயா புணர்ச்சி நடத்தியிருந்தார். தோன்றல், திரிதல், கெடுதல். ஓர் எழுத்து கெட்டு இன்னோர் எழுத்து தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான் என்று இங்கிலீஷுக்கும் சேர்த்து நானே இலக்கணம் வகுத்துவிட்டேன்.

திருவிழா கொண்டாடுவதைப் பற்றி எழுத வேண்டும் என்றால் எனக்கு ஒரே ஆள்தான். பெரியப்பா.

அப்பாவின் அண்ணன். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. பெரியம்மா இறந்து சில வருடம் ஆகியிருந்தது, எங்கள் வீட்டில்தான் இருந்தார். எங்கள் தெரு, பெரிய கோயிலின் மதில்களுக்கெல்லாம் வெளியே, கொள்ளிடம் பக்கம் இருந்தது. தெருமுனையில் சின்ன பஜனைக் கோயில். மார்கழி முப்பது நாளும் விடியும் நேரத்தில் பெருமாளைச் சிறு பல்லக்கில் வைத்து நாலு பேர் சுமந்து தெருவைச் சுற்றி வருவார்கள். ஜால்ரா, ஆர்மோனியம், பனியில் கம்மிய குரல்கள், தொன்னையில் வெண்பொங்கல். அந்த நாலு பேரில் முன்பக்கத்து இடது தோள் பெரியப்பாவுடையது. இருபது வயதிலிருந்து அவருடையது. முன்னால் போகிறவர் வைக்கும் அடிதான் மற்ற மூவருக்கும் கணக்கு.

பல்லக்குத் தண்டு அழுத்தாமல் இருக்கத் தோளில் வைக்க ஒரு மெத்தை வைத்திருந்தார். பெரியம்மா தன் கூறைப்புடவையின் தலைப்பை வெட்டித் தைத்துக் கொடுத்தது. அரக்கு நிறம், ஓரத்தில் ஜரிகை. அதைப் பதினோரு மாதம் பெட்டியில் வைத்திருந்து மார்கழி முதல் நாள் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தோளில் போடுவார். வருடத்தில் அவர் முகம் மலர்ந்து நான் பார்ப்பது அந்தக் காலை வேளைகளில்தான்.

அந்த மார்கழியில் அந்த மலர்ச்சியும் இல்லை. முகம் ஒரே மாதிரி இருந்தது. "பல்லக்குத் தூக்குறோம்னு தலைக்கனம்" என்றார்கள் தெருவில். கடையிலும் குறை வந்தது. துணியின் நீளத்தை எழுதும் சீட்டில் அவருடைய எழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போயிற்று. "மை மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்று முதலாளி கேட்டாராம். எனக்கு அந்த எழுத்து பிடிக்கும். கடுகை வரிசையாக அடுக்கியது போல இருக்கும்.

நிலைப்படிக்கு வந்தால் அப்படியே நின்றுவிடுவார். காலைத் தூக்கி வைக்கச் சிறிது நேரம் ஆகும். சகுனம் பார்க்கிறார் என்று அப்பா நினைத்தார். தெருவில் இறங்கினாலோ குடுகுடுவென்று ஓட்டம். கூப்பிட்டாலும் நிற்க மாட்டார். "கூப்பிட்டா நிக்கக்கூட மாட்டாரு, அப்படி என்ன அவசரம்?" என்று எதிர்வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் கோலத்தை மிதித்தது. மார்கழிக் கோலம் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து, சாணி தெளித்து, விறைத்த விரலால் போட்டது. பெரியப்பா தெரு நடுவில் போகாமல் ஓரமாக வந்து கோலத்தின் மேலேயே நடப்பார். அதுவும் எங்கள் வாசலில் அம்மா போடும் படிக்கோலத்தைக் கண்டால் விடவே மாட்டார். குறுக்குக் குறுக்காக இழுத்த கோடுகளின் மேல் ஒவ்வோர் அடியாக, நிதானமாக, பழைய பெரியப்பாவாக நடப்பார். கோலம் முடிந்ததும் மறுபடி குடுகுடு.

"உங்க அண்ணன் வேணும்னேதான் மிதிக்கிறாரு" என்று அம்மா கண் கலங்கினாள்.

"கண்ணு சரியாத் தெரியலையோ என்னமோ" என்றார் அப்பா.

"கண்ணு தெரியாதவருக்குக் கோலம் மட்டும் எப்படிங்க தெரியுது?"

அம்மா கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பல்லக்கோடு வரும்போதும் அவர் கோலம் இருக்கும் பக்கம் இழுக்க, பல்லக்கே ஓரம் ஒதுங்கியது. மற்ற மூன்று பேரும் முணுமுணுத்தார்கள். முன்பக்கத்து இடது தோளை வேறு ஆளுக்குக் கொடுத்தால் என்ன என்ற பேச்சு பஜனைக் கோயில் கமிட்டித் தலைவர் காதுவரை போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் நான் என் மூன்று வாக்கியங்களை எழுதினேன். இன்றும் மனப்பாடம். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். 'என் பெரியப்பா மார்கழிதோறும் ஃபெஸ்டினேட் பண்ணுவார். எங்கள் தெருவில் அவரைப் போல ஃபெஸ்டினேட் பண்ண யாராலும் முடியாது. எல்லோரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள்.'

டீச்சர் படித்துவிட்டு நிமிர்ந்தார். மறுபடி படித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கமிட்டித் தலைவர் வீட்டு மாடியில்தான் அவர் குடியிருந்தார். பெரியப்பாவைத் தினமும் பார்க்கிறவர்.

"எங்கடி பிடிச்ச இந்த வார்த்தையை? உங்க பெரியப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு வார்த்தை கிடையாது!"

பெரியதாக ஒரு 'வெரி குட்'. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியப்பாவின் பெருமை டீச்சருக்குக் கூடத் தெரிந்திருக்கிறதே என்று நோட்டோடு ஓடினேன். பெரியப்பா கடையிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கைவிரல்கள் பீடி சுற்றுவது போலத் தானாக உருண்டுகொண்டிருந்தன.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"திருவிழா கொண்டாடுறது பெரியப்பா. உங்களை மாதிரி யாரும் கொண்டாட முடியாதுன்னு எழுதியிருக்கேன்."

முகம் மாறவில்லை. அந்த முகம் எதற்கும் மாறுவதில்லை. ஆனால் சட்டைப் பையிலிருந்து கடைச் சீட்டு ஒன்றை எடுத்தார். என்னைச் சொல்லச் சொல்லி, மூன்று வாக்கியத்தையும் கடுகு எழுத்தில் எழுதிக்கொண்டார். நாலாக மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். என்னை இவ்வளவு மதித்த பெரியவர் அதுவரை யாரும் இல்லை.

மார்கழி இருபத்தேழாம் நாள், கூடாரவல்லி அன்று காலை அது நடந்தது. தெருவின் ஒரு பக்கத்தில் நெல் கிடங்கின் சுவர் நீளமாகப் போகும். வாசலே இல்லாத சுவர், அதனால் கோலமும் இல்லை. நான் வெண்பொங்கலுக்காகத் தொன்னையோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். சுவர் ஆரம்பித்த இடத்தில் பெரியப்பாவின் கால்கள் ஓட ஆரம்பித்தன. "மெதுவா, மெதுவா" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் நிற்கவில்லை. பல்லக்கு இழுபட்டது. பின்தோள்காரர் தடுக்கி விழுந்து முழங்கால் பெயர்ந்தது. அரிக்கேன் விளக்கு உடைந்தது. சாய்ந்து கீழே விழ இருந்த பெருமாளை யாரோ தாவி மார்போடு அணைத்துக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும் தண்டு இல்லாத வெறும் தோளோடு சுவர் முடியும்வரை ஓடி, மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு."

காபி கூடப் பித்தம் என்று சுக்குத் தண்ணீர் குடிக்கிறவர் பெரியப்பா. எனக்கு அந்தக் குரலின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்று சாயங்காலம் கமிட்டித் தலைவர் வீட்டில் பேச்சு. பெரியப்பாவோடு அப்பாவும், பெரியப்பாவின் மகனான என் அண்ணனும் போனார்கள். அண்ணன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். விளக்கு வைத்த பிறகு மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். பெரியப்பா வழக்கம்போல நிலைப்படியில் நின்றார். வெகுநேரம் நின்று, உள்ளே வந்து, என் தலையில் கை வைத்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

அவ்வளவுதான். மறுநாள் காலை முன்பக்கத்து இடது தோளில் வேறு ஆள் வந்தார். ஜால்ராச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது பெரியப்பா கொல்லைப்புறத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த பருப்பு பாதி முறத்திலும் பாதி மண்ணிலும் விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். அவர் ஏதாவது பேசினால் அழுதுவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பொங்கல் கழிந்ததும் அண்ணன் அவரைத் தான் வேலை பார்த்த லால்குடிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த அரக்கு மெத்தை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெட்டியில் இல்லை. அம்மா மட்டும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "கோலத்தை மிதிச்ச பாவம்" என்று.

ஆனால் வருடாவருடம் மார்கழி பிறந்ததும் என் பெயருக்கு ஒரு போஸ்ட் கார்டு வரும். எனக்கென்று தபால் வந்தது அந்த ஒரு இடத்திலிருந்துதான். கடுகு எழுத்து. நலம் விசாரிப்பு, படிப்பு, வயலில் தண்ணீர். கடைசி வரி எப்போதும் ஒன்றே. 'அங்கே எல்லாரும் நல்லா ஃபெஸ்டினேட் பண்றீங்களா?' நான் சொல்லிக்கொடுத்த சொல்லைப் பெரியப்பா மறக்கவே இல்லை என்று பூரித்துப்போவேன். 'நல்லா ஃபெஸ்டினேட் பண்றோம் பெரியப்பா' என்று பதில் போடுவேன். எழுத்து வருடத்துக்கு வருடம் சிறுத்தது. கடைசி கார்டை அண்ணன் எழுதியிருந்தான். அந்த ஒரு வரியை மட்டும் பெரியப்பா எழுதியிருந்தார், அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் படிக்க முடிந்தது. அடுத்த மார்கழிக்கு அவர் இல்லை.

போன மாதத்துக்கு வருகிறேன். டாக்டர் சொன்னபடி, நடைப் பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டுக்கு வந்தாள். கூடத்தின் தரையில் குறுக்குக் குறுக்காக வண்ண டேப் ஒட்டச் சொன்னாள். மருமகள் ஒட்டினாள்.

"கோட்டைப் பார்த்து ஒவ்வொரு அடியா வைங்கம்மா. கோடு இருந்தா கால் ஓடாது."

வைத்தேன். கால் ஓடவில்லை. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாகப் போய், நிற்க நினைத்த இடத்தில் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். தரையில் இருந்தது அம்மாவின் படிக்கோலம்.

அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மருமகள் பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்தாள். பெரியப்பா வேண்டுமென்று மிதிக்கவில்லை, அம்மா. நிற்பதற்கு அவருக்கு வேறு பிடி இல்லை.

அன்று மதியம் போனில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். லத்தீனில் விரைவதற்கான வினையிலிருந்து பிறந்ததாம். திருவிழாச் சொல்லின் வேர் வேறு. அகராதியில் அடுத்தடுத்து நிற்பதோடு சரி, உறவு கிடையாது. ஆசை விடாமல் தமிழிலும் தேடினேன். விரைதலுக்கு எத்தனையோ சொல். அதில் ஒன்று கடுகுதல். கடுகிச் சென்றான் என்று பழைய பாடத்தில் படித்திருப்பீர்கள். எழுத்து சிறுப்பதும் கால் ஓடுவதும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடுகு எழுத்து, கடுகும் கால். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்திருக்கிறது. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

லால்குடிக்குப் போன் போட்டேன். அண்ணனுக்கு எண்பதை நெருங்குகிறது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அப்பாவுக்கும் இதேதான் போலிருக்கு" என்றான்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னிக்குத் தலைவர் வீட்டுல என்ன நடந்துச்சு? நான் எழுதினதைப் பத்திப் பேச்சு வந்துச்சா?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"சொல்லுங்கண்ணே."

"நீ எழுதினதை அந்த டீச்சர் தலைவர் வீட்டுல சொல்லிச் சிரிச்சிருக்காங்க. தலைவர் அதையே எடுத்தாரு. 'உன் வீட்டுப் புள்ளையே எழுதியிருக்கு, மார்கழி தவறாம ஓடுறாருன்னு. இதுக்கு மேல என்னய்யா வேணும்'னாரு. அப்பா கண்ணாடிக் கூட்டைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தாரு. 'இல்லைங்க, அதுக்குத் திருவிழா கொண்டாடுறதுன்னு அர்த்தங்க, எங்க பாப்பா சொல்லிச்சு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. டீச்சரைக் கூப்பிட்டாங்க. அவங்க மாடியிலேருந்து டிக்‌ஷனரி கொண்டாந்து எல்லார் முன்னாலயும் வாசிச்சுக் காட்டுனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அப்பா மடியிலேருந்து தோள் மெத்தையை எடுத்து அங்கேயே வச்சுட்டு வந்துட்டாரு. தெருவுக்கு வந்ததும் எங்க ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக்கிட்டாரு. 'பாப்பாகிட்ட யாரும் சொல்லக்கூடாது. அது என்னைப் பத்தி ஆசையா எழுதினது. அந்த வார்த்தைக்கு அது சொன்னதுதான் அர்த்தம்'னு சத்தியம் வாங்கிட்டாரு. சித்தப்பா கடைசி வரைக்கும் காப்பாத்துனாரு. நான்தான் இன்னிக்கு உடைச்சுட்டேன்."

போனை வைத்த பிறகும் காதில் அதுவே கேட்டது. அப்படியென்றால் லால்குடியிலிருந்து வந்த ஒவ்வொரு கார்டும் உண்மையான பொருள் தெரிந்த பிறகு எழுதியது. தன் பல்லக்கைப் பறித்த சொல்லை, நடுங்கும் விரலால், கடுகளவு எழுத்தில், வருடத்துக்கு ஒரு முறை எனக்காகத் தப்பான பொருளிலேயே எழுதியிருக்கிறார். நானும் துள்ளிக்கொண்டு பதில் போட்டிருக்கிறேன்.

இந்த மார்கழி முதல் நாள் மருமகள் வாசலில் ஏதோ ரோஜாப்பூக் கோலம் போடப் போனாள். தடுத்தேன். படிக்கோலம் போடச் சொன்னேன், வாசலிலிருந்து தெருமுனைப் பக்கமாக எவ்வளவு நீளம் முடியுமோ அவ்வளவு. போட்டு முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் இறங்கினேன். தூரத்தில் ஜால்ரா கேட்டது.

"ஐயோ அத்தை, ஈரம்கூடக் காயலை! அதுக்குள்ள எங்க கிளம்பிட்டீங்க, என்ன அவசரம்?"

"அவசரம் இல்லம்மா. ஃபெஸ்டினேட் பண்றேன்."

"அப்படின்னா?"

"திருவிழா கொண்டாடுறது" என்றேன்.